வடிவக்கா நம்பர்

ஜூன் 12, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அம்மாவின் போனை சார்ஜரில் மாட்டினேன். பல் துலக்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான். இத்தனை நாளும் அது தம்பி ஜெயமுருகனின் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதை அணைத்தே வைத்திருந்தான் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

நேற்று அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தி முடிந்ததும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். இப்படிப்பட்ட வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. மதியம் திரும்பிப் பார்த்தால் நானும் தம்பியும் மட்டும். இன்று சாயங்காலம் அவனும் திருப்பூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டான்.

போகும் முன் பேசினோம். அம்மாவின் வியாபாரம் முழுவதையும் மகாராசன் எடுத்துக்கொள்கிறார். கடைவீதியில் பந்தலும் மைக்செட்டும் வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பாத்திரங்கள், நாற்காலிகள், ஒரு லோடு ஆட்டோ, இரண்டு ஐஸ்பெட்டிகள், எல்லாம். இறந்தவர்களை உறவுக்காரர்கள் வந்துசேரும் வரை வைத்திருக்கும் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டியைத்தான் சுரண்டையில் ஐஸ்பெட்டி என்கிறோம்.

"நம்பரையும் சேர்த்துத்தான் கேக்கான்" என்றான் தம்பி.

"எந்த நம்பர்?"

"அம்மா போன் நம்பர். சுத்துப்பட்டு அம்புட்டு வீட்லயும் அதுதான இருக்கு. நம்பர் இல்லாட்டி அவனுக்கு நம்ம பெட்டி என்னத்துக்குக்கா? புதுப்பெட்டி வாங்கிட்டுப் போயிருவான்."

நான் சரி என்றேன். அவன் ஜூலை மூன்றாம் தேதி ஒப்பந்தத்துக்கு வருகிறான். அதுவரை வரும் வேலையைக் கொம்பையா மாமாவை வைத்துப் பார்த்துக்கொள்வது என்று முடிவு. எனக்கும் சென்னையில் அவசரம் ஒன்றுமில்லை. மகன் திருச்சியில் விடுதியில் இருக்கிறான். ஆபீசில் விடுப்பு நீட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

போனைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் முதல் அழைப்பு. கீழச்சுரண்டை தங்கதுரை, உரக்கடை வைத்திருந்தவர். மனைவி காலையில் தவறிவிட்டார்களாம். பெட்டி வேண்டும். முகவரி வாங்கினேன். மாமாவை அனுப்பினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

மதியம் மிச்சமிருந்த சாம்பாரைச் சூடு பண்ணினேன். அப்புறம் பசிக்கவில்லை. நாள் முழுக்க வேறு யாரும் கூப்பிடவில்லை.


ஜூன் 14, புதன்

ஒழுங்காகச் செய்யவில்லையாம்.

கொம்பையா மாமா அம்மாவிடம் பல வருடமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மாவை வடிவக்கா என்பார்; அந்த முறையில் நான் அவருக்கு மருமகள். பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கியதும் வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துச் சிரித்தார்.

"மருமவளே, தங்கதுரையண்ணன்கிட்ட போன்ல என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்? மாமா வர்றாங்கன்னு சொன்னேன்."

"அதுக்குப் பெறவு?"

யோசித்துப் பார்த்தேன். "எங்களை அழைத்ததற்கு நன்றி. வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்று சொல்லியிருக்கிறேன். காப்பீட்டுக் கம்பெனியில் போனில் பதில் சொல்லும் பிரிவுக்கு நான்தான் பொறுப்பாளர். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் வரி. வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"'மீண்டும் அழையுங்கள்'னு வேற சொன்னியாமே. அந்த மனுசன் போனைக் கையில வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருந்தாராம். அழக்கூட மறந்துட்டாராம். நல்லவேளை, எத்தன ஸ்டார் குடுப்பியன்னு கேட்டு நம்பர அமுக்கச் சொல்லல நீ."

அம்மா எப்படிச் செய்வாள் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கும் ஞாபகம் வந்தது. பெட்டிக்கு என்று யாராவது வந்தால் அம்மா 'வாங்க' என்று சொல்ல மாட்டாள். எழுந்து நிற்பாள். விலை பேச மாட்டாள். "வீட்ல லைட்டு மங்காம எரியுதா?" என்று மட்டும் கேட்பாள். கரண்ட் அழுத்தம் குறைந்தால் பெட்டி குளிராது. ஸ்டெபிலைசரும் எடுத்துப் போக வேண்டும். ஆனால் கேட்கிற விதத்தில், அந்த வீட்டின் மேல் உள்ள அக்கறை போலத்தான் இருக்கும்.

பெட்டியோடு அவளும் போவாள். அது குளிரத் தொடங்கும் வரை ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

சாயங்காலம் பாத்திர அறையைத் துடைத்து அடுக்கிவைத்தேன். மாமா எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். அடியில் பச்சை பெயிண்ட் அடித்த அண்டாக்களோடு சிவப்பையும் கலந்து அடுக்கிவிட்டேனாம். பச்சை கல்யாண வீட்டுக்கு, சிவப்பு துஷ்டி வீட்டுக்கு, சாவு நடந்த வீட்டுக்கு. கரண்டிக் காம்பு வரைக்கும் பெயிண்ட் இருக்கிறது. மறுபடி எல்லாவற்றையும் பிரித்து அடுக்கினோம். விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.


ஜூன் 15, வியாழன்

அந்தப் பச்சையும் சிவப்பும் வந்த கதையை எழுதிவைக்கத் தோன்றுகிறது.

அப்பா போனபோது அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு எட்டு, தம்பிக்கு நான்கு. மேலத்தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்காரர்கள் அம்மாவின் சீர்வரிசைப் பித்தளை அண்டாவை இரவல் கேட்டார்கள். அம்மா கொடுத்தாள். திரும்பி வந்தபோது அது நசுங்கியிருந்தது. அடுத்த முறை இன்னொருவர் கேட்டபோது, "வாடகைன்னா தாரேன்" என்றாள். கேட்டவர் எங்கள் பெரியத்தை. "கட்டுன சீரையே கடை போட்டுட்டாளா?" என்று தெருவில் நின்று கத்தினாள். அம்மா அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அத்தை கத்தி முடித்து, வாடகை கொடுத்து, எடுத்துக்கொண்டு போனாள். வேறு எங்கும் அவ்வளவு பெரிய அண்டா இல்லை.

எங்களைப் படிக்கவைத்தது அதிலிருந்து பெருகிய அண்டாக்கள்தான். அம்மாவின் கையில் எப்போதும் புளி வாசனை இருக்கும். கல்லூரி விடுதிக்கு என்னைப் பார்க்க வரும்போது கையைப் பையின் பின்னால் வைத்துக்கொள்வாள்.

எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, ஒரு சித்திரை மாதத்தில், பக்கத்து வீட்டு வாத்தியார் இறந்துபோனார். மகன் துபாயிலிருந்து வர வேண்டும். பெஞ்சுக்கு அடியில் ஐஸ்கட்டிகளைப் போட்டு வைத்தார்கள். அது உருகி நடுவீடு முழுக்கத் தண்ணீர். வாத்தியார் மனைவி அழுவதை விட்டுவிட்டுத் துணியும் வாளியுமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்துதான் முதல் பெட்டியை வாங்கினாள். ஊரில் அதுதான் முதல் பெட்டி.

உடனே கல்யாணக்காரர்கள் வருவது நின்றுபோனது. அந்தப் பெட்டி இருக்கிற கொட்டகையிலிருந்து வரும் பாத்திரத்தில் யார் பாயசம் காய்ச்சுவார்கள்? அம்மா யாரிடமும் சமாதானம் சொல்லப் போகவில்லை. பெட்டிக்குப் பின்பக்கம் தனிக் கொட்டகை போட்டாள், தனி வாசல் வைத்தாள், பாத்திரங்களை இரண்டாகப் பிரித்தாள், பெயிண்ட் அடித்தாள். ஒரு முகூர்த்த மாதம் முழுக்கச் சும்மா இருந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களுக்கு அண்டாவைக் கவிழ்த்துப் பச்சையைக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஆனால் எந்தக் கல்யாண வீட்டுக்கும் அவளை நேரில் அழைக்கவில்லை. பத்திரிகை மட்டும் கொடுத்தனுப்புவார்கள். அவள் மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவாள்.


ஜூன் 17, சனி

சரியான காற்று. மாடியில் காயப்போட்ட என் சுடிதார் பக்கத்து வீட்டு முருங்கையில்.


ஜூன் 19, திங்கள்

தம்பி போனில் கேட்டான்: "போனை எதுக்கு ஆன் பண்ணி வச்சிருக்க? கொம்பையா மாமா நம்பருக்கே கூப்பிடச் சொல்லிருவோம்."

"வேலை நடக்குதுல்ல" என்றேன்.

அம்மா இறந்த அன்று எங்கள் இரண்டு பெட்டியுமே வெளியே இருந்தன. ஒன்று கடையநல்லூர் பக்கம், இன்னொன்று சேர்ந்தமரம். சேர்ந்தமரத்தில் அன்று சாயங்காலம்தான் அடக்கம். முந்தைய நாள் அம்மாதான் அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் சென்னையிலிருந்து வந்துசேர மதியத்துக்கு மேலாகிவிட்டது.

தம்பி, "நம்ம பெட்டிலதான் அம்மாவ வைக்கணும். சேர்ந்தமரத்துல பேசி வாங்கிட்டு வாங்க" என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் என்னைப் போனில் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைப்பதா? அம்மாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. தென்காசியிலிருந்து வாடகைப் பெட்டி வந்தது. அது ஒரே இரைச்சல். மாமா கடைசி வரை அதைத் திட்டிக்கொண்டே இருந்தார்.


ஜூன் 20, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். சரியா தவறா தெரியவில்லை.

பதினொரு மணி இருக்கும். போன் அடித்தது. ஒரு பெண்ணின் குரல்.

"எக்கா, நான் சேர்ந்தமரம் ஆவுடையம்மா பேசுதேன். எம்மேல எதும் கோவமாக்கா?"

எனக்குப் புரியவில்லை. "இல்லையே" என்றேன்.

"இல்ல, பதினாறு கழிஞ்ச மறுநா கூப்பிடுவாவன்னு எங்க மைனி சொல்லிச்சு. அவ மாப்பிள்ள போனப்ப நீங்க கூப்பிட்டியளாம்லா. நானும் போனை மடியிலயே வச்சிக்கிட்டு இருந்தேன். அன்னைக்குப் பொழுது அடைய நானா அடிச்சேன். சுவிச் ஆஃப்னு வந்துச்சு. சரி, அக்காவுக்கு என்ன வேலையோன்னு..."

அந்தச் சேர்ந்தமரம் வீடு. அம்மா கடைசியாகப் பெட்டி கொண்டுபோன வீடு; இறந்தது இவள் கணவர். அம்மா இறந்தது இவர்களுக்குத் தெரியாது.

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "கேளுங்கக்கா" என்றாள்.

"என்ன கேக்க?"

"என்ன சாப்பிட்டன்னு கேப்பியளாம்லா."

என் குரல் அம்மாவின் குரல் மாதிரியே இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்டேன்: "என்ன சாப்பிட்ட?"

அவ்வளவுதான். அவள் பேசத் தொடங்கினாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். மகன் மும்பைக்குத் திரும்பிவிட்டான். மருமகள் பருப்புப்பொடி அரைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒருத்திக்கு உலை வைக்கக் கை வரவில்லை, அரிசி அளக்கும்போது இரண்டு பேருக்கே அளந்துவிடுகிறாள், மிச்சத்தைக் கோழிக்குப் போட்டால் கோழியும் சலித்துக்கொள்கிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் அழுதாள். நான் 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீசில் இவ்வளவு நீண்ட அழைப்பு என்றால் நானே இடையில் புகுந்து முடித்துவைப்பேன்.

வைக்கும்போது, "இப்பப் போயி உலை வைக்கேன்" என்றாள்.


ஜூன் 21, புதன்

நான்கு வருடம் முன்பு என் கணவர் ராஜ்மோகன் இறந்தபோது அம்மா வந்து பதினாறு வரை எங்களோடு இருந்தாள். பிறகு ஊருக்குப் போய்விட்டாள். மறுநாள் பதினொரு மணிக்கு அவளிடமிருந்து போன்.

அது எனக்கு ஆச்சரியம். அம்மா தானாக யாரையும் கூப்பிட மாட்டாள். "ஐஸ்பெட்டிக்காரி நம்பர் வந்தா யாருக்கு என்னாச்சோன்னு பதறிருவாங்க" என்பாள். எப்போதும் நாங்கள்தான் கூப்பிட வேண்டும்.

அன்று எடுத்ததும் கேட்டாள்: "என்ன சாப்பிட்ட?"

தயிர்ச் சோறு என்றேன். "தொட்டுக்க?" என்றாள். ஊறுகாய் என்றேன். இரண்டுமே இல்லை. அதற்கு மேல் அவளும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அழைப்பு நிற்கவில்லை. வாரத்துக்கு இருமுறை, மூன்று முறை. அதே கேள்வி. எங்களுக்குள் வேறு பேச்சு வராததால் கேட்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் அது எனக்கு மட்டுமான கேள்வி என்று இருந்தேன்.

அப்படியில்லை. பெட்டி போன வீட்டுக்கெல்லாம் அதைத்தான் கேட்டிருக்கிறாள். அந்த வரிசையில் நானும் ஒருத்தி.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இன்று முழுவதும் கொட்டகையைக் கழுவினேன். பெட்டி இரண்டுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அம்மாவின் சேலைகளை எடுத்து அலமாரியில் திரும்ப அப்படியே வைத்தேன்.


ஜூன் 22, வியாழன்

மாமாவிடம் கேட்டேன், அம்மா இப்படிக் கூப்பிடுவது தெரியுமா என்று.

"எனக்கு எப்படித் தெரியும்? பதினோரு மணிக்கு நான் டீ குடிக்கப் போயிருவேன். எங்கிட்ட பேசுனது பூராவும் 'ஸ்டெபிலைசர எடுத்தியா, சுவிச்ச அமத்துனியா' இதுதான்." துண்டை உதறித் தோளில் போட்டார். "எம் பொண்டாட்டி போனப்ப என்னைக் கூப்பிடலியே. நான்தான் தெனம் காலைல எதுக்கவே வந்து நிக்கனே, எதுக்குக் கூப்பிடணும்? வந்ததும் ரெண்டு தோசை வச்சிருப்பாவ. நான் பாட்டுக்குத் தின்னுட்டு வண்டிய எடுப்பேன்."


ஜூன் 24, சனி

ஆவுடையம்மா மறுபடி கூப்பிட்டாள். இன்று சொல்லிவிடுவது என்று எடுத்தேன்.

முந்திக்கொண்டு அவளே கேட்டாள். "இன்னைக்கு நீங்க என்ன சாப்பிட்டிய?"

"டீ குடிச்சேன்."

"டீ சாப்பாடா? நேத்து ராத்திரி?"

"பன்னு."

"நல்லாருக்கு. வீட்ல அரிசி இருக்கா, இல்லியா?"

இருக்கிறது என்றேன். இட்லிக்குப் போட்டீர்களா என்றாள். இல்லை என்றேன். உளுந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டு, போனை வைக்காமலே என்னை எடுத்து ஊறப்போட வைத்தாள். ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லவும் இல்லை. நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை.

சாயங்காலம் மாவு ஆட்டினேன்.


ஜூன் 27, செவ்வாய்

சேர்ந்தமரம் போய்வந்தேன். மாமா ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். ஐஸ்பெட்டி வண்டி காரணமில்லாமல் ஒரு வாசலில் நின்றால் அக்கம்பக்கம் பதறிவிடும்.

ஆவுடையம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லி. வாசலில் கோழிக் கூடையை நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் இன்னார் என்று சொல்வதற்குள், "வாங்க. வடிவக்கா மவதான?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொதல் நாளு நெசமாவே அக்கான்னுதான் பேசுனேன். மறுநாளு மைனி வந்து, வடிவக்கா தவறி இம்புட்டு நாளாச்சு, நீ யாருகிட்டடி பேசுனன்னு கேட்டா. ரெண்டு பேருக்கும் வேர்த்துப்போச்சு. பெறவு மைனிதான் சொன்னா, மவ வந்திருக்காளாம், அவளா இருக்கும்னு."

"தெரிஞ்சுமா சனிக்கிழமை கூப்பிட்டீங்க?"

"பெட்டி போன வீட்டுக்கெல்லாம் அக்கா கூப்பிட்டாவ. அக்கா வீட்டுக்கு யாரு கூப்பிடுவா?"

அவள் உள்ளே போய் இலையைப் போட்டாள். சோறு, ரசம், பருப்புத் துவையல், அப்பளம். நானும் உட்கார்ந்தேன், அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேருக்குச் சரியா இருக்கு பாருங்க" என்றாள்.

சாப்பிடும்போது அந்த மே மாத நாளைப் பற்றிச் சொன்னாள். அம்மா பெட்டியை வைத்துவிட்டு இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆட்கள் கொஞ்சம் விலகியபோது காதருகே பேசியிருக்கிறாள்.

"அக்கா சொன்னாவ: 'பெட்டியத் திரும்ப எடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சிதுன்னுதான் நானும் வருசக்கணக்கா நெனச்சிக்கிட்டு இருந்தேன். எம் மருமவன் போன பெறவுதான் தெரிஞ்சுது, கஷ்டமே அதுக்குப் பெறவுதான்னு. எம் மவ போன்ல தயிர்ச் சோறு தின்னேன்பா. பொய்யி. குரல்லயே தெரியும். அவகிட்ட அதுக்கு மேல எப்படிக் கேக்கன்னு எனக்குத் தெரியல. அதான் மத்தவகளயும் கேட்டுப் பாத்தேன். அவுக சொல்லுதாவ. எம் மவதான் இன்னும் சொல்லல.'"

ரசம் நன்றாக இருந்தது. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் மாமா எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றும் காதில் விழவில்லை. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.


ஜூன் 28, புதன்

உரக்கடைத் தங்கதுரை வீட்டில் நேற்று பதினாறு. இன்று காலை அந்த வீட்டின் முன்னால் போட்டிருந்த நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்ததாக மாமா சொன்னார். அப்படியென்றால் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள்.

பதினொரு மணிக்கு அம்மாவின் போனிலிருந்து அவருக்கு அடித்தேன். மணி முழுவதும் அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. தொந்தரவு செய்கிறோமோ என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா டீக்கடையிலிருந்து ஓட்டமாக வந்தார். சிரிப்பில் பேச முடியவில்லை.

"மருமவளே, என்ன காரியம் பண்ணுன! அந்த மனுசன் போன்ல 'ஐஸ்பெட்டி வடிவக்கா'ன்னு பேரு வருதாம். வேட்டிய இழுத்துப் பிடிச்சிக்கிட்டுத் தெருவுக்கு ஓடிவந்துட்டாரு. 'எல, செத்துப்போன வடிவக்கா என்னைக் கூப்பிடுதால'ன்னு! கூட்டம் கூடிப்போச்சு. ஒருத்தன் சொல்லுதான், 'எடுங்கண்ணே, அண்ணிதான் அங்க இருந்து பேசச் சொல்லிருப்பாவ'ன்னு. இன்னொருத்தன், 'ஒங்களுக்குப் பெட்டி ஒதுக்கியாச்சுன்னு சொல்லக் கூப்பிட்டிருப்பா'ங்கான்."

எனக்கு அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்து நிற்கவில்லை. கடைசியில் தங்கதுரையே கூப்பிட்டார்.

"யாரும்மா அது?" பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது.

"வடிவக்கா மக செண்பகம் பேசுறேங்க. மன்னிச்சிருங்க."

அடுத்த நொடி குபுக்கென்று ஒரு சிரிப்பு. "என்னம்மா நீ, அன்னைக்கு நன்றி சொன்ன. இன்னைக்கு உசுர எடுக்கப் பாத்த." சிரித்துக்கொண்டே இருந்தார். இருமினார். "எம் பொண்டாட்டி இருந்தா இதச் சொல்லிச் சொல்லியே ஒரு மாசம் ஓட்டியிருப்பா" என்றார். அதன் பிறகு அவர் குரல் மாறியது.

நான் வைக்கலாமா என்று யோசிக்கும்போதே சொன்னார்: "வச்சிராத, தாயி."

வைக்கவில்லை.


ஜூன் 30, வெள்ளி

மகாராசன் வந்தார். பெட்டிகளைத் திறந்து மூடிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். அம்மாவின் மேல் மரியாதை உண்டு. அம்மா படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார்.

"தங்கச்சி, கொம்பையாவ நானே வச்சிக்கிடுதேன். நீ கவலப்படாத. வடிவக்கா பேரையும் போர்டுல மாத்த மாட்டேன்."

"அண்ணே, நம்பரை யார் எடுப்பாங்க?"

"நம்ம ஆபீஸ்ல எடுக்கும். ரெண்டு பிள்ளைய வேலைக்குப் போட்டிருக்கேன். மாத்தி மாத்தி இருக்கும். நீ ஆபீஸ்ல செய்யிதியே, அதே மாதிரி."

"பதினாறு முடிஞ்ச பிறகு?"

அவர் முகம் மலர்ந்தது. "பதினாறுக்குப் பந்தலும் சாப்பாடும் நம்மதான். விடுவமா? பதினாறு முடிஞ்சா வருசாப்திக்கு ஒரு மெசேஜ். எல்லா நம்பரும் கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம்லா. அம்மா இதையெல்லாம் விட்டுட்டாவ, பாவம்."

நான் தலையாட்டினேன். காபி கொடுத்தேன். அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை. எனக்கும் இந்த மாதம் இங்கே இருந்திராவிட்டால் புரிந்திருக்காது.

போகும்போது, "திங்கக்கிழம போனைக் கையோட வாங்கிக்கிடுதேன்" என்றார்.


ஜூலை 1, சனி

ஆபீசிலிருந்து நினைவூட்டினார்கள். பத்தாம் தேதி வேலையில் சேர வேண்டும். எங்கள் பிரிவுக்குள் சொந்த போன் கொண்டுபோகக் கூடாது. ஒன்பது மணிக்குப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால் சாயங்காலம்தான் எடுக்கலாம். பதினொரு மணிக்கு ஒருவரைக் கூப்பிடுவது நடக்காது.

மகனிடம் பேசினேன். "எப்பம்மா சென்னை போறீங்க?" என்றான். "பாக்கணும்" என்றேன். "மெஸ்ஸுல என்ன போட்டாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, இரண்டு நாளாக வயிறு சரியில்லை, கஞ்சிதான் குடிக்கிறேன் என்றான். வழக்கமாக 'சாப்பிட்டேம்மா' என்பதோடு சரி.


ஜூலை 2, ஞாயிறு

தம்பி நாளைக் காலையில் வந்துவிடுவான். மகாராசன் பத்து மணிக்கு வருகிறார்.

நான் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. கொம்பையா மாமாவிடம்கூட. சொன்னால் தம்பிக்குக் கோபம் வரும், அது நியாயமும்தான். அவன்தான் இதற்காக அலைந்து பேசி முடித்தான். அவனுக்குச் சேர வேண்டிய பங்கை எப்படிக் கொடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியாது. அதைப் பேசிக்கொள்ள வேண்டும். மகனுக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு இருக்கிறது. சென்னையில் வீட்டை வாடகைக்கு விடலாம். இதெல்லாம் சரியாக வருமா என்று கேட்டால், தெரியாது.

பாத்திரங்களையும் நாற்காலிகளையும் மகாராசன் விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும். அவர் கல்யாணங்களை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார். பெட்டிகளையும் நம்பரையும் கொடுக்க மாட்டேன். பத்தாம் தேதி வேலைக்குப் போக மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சாம்பவர்வடகரைக்கு ஒரு பெட்டி போனது. இருபத்தாறு வயதுப் பையன். நான் மாமாவோடு போய், குளிரத் தொடங்கும் வரை இருந்தேன். அவன் தாய் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் இரண்டு வாரத்தில் அந்த வீட்டிலும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு நான் கூப்பிடுவேன்.

என்ன கேட்பது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கேள்வியை அவளிடம் கேட்க எனக்கு மனமில்லை. அது அம்மா தன் மகளுக்காகக் கண்டுபிடித்தது. பிள்ளையை இழந்தவளிடம் முதல் வார்த்தையாக எதைக் கேட்கலாம் என்று நானே கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் மகன் பெயர் என்ன என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன். கவுதமன். அவனைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.